டேஷ்போர்டுக்குள்ள ஒரு "கிர்ர்ர்" சத்தம்

1)
கார் ஓட்டும்போது டேஷ்போர்டுக்குள்ள எங்கிருந்தோ "கிர்ர்ர்"னு ஒரு சத்தம் வரும். வண்டி நின்னா அதுவும் நிக்கும். வண்டி கிளம்பினா அதுவும் கூடவே கிளம்பும்.

உங்க வண்டியிலயும் இருக்கா? அப்ப இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

"டாக்டர், நீங்க சுகர், பிரஷர் பத்தி எழுதுறவராச்சே, மெக்கானிக் வேலைய எப்ப ஆரம்பிச்சீங்க?"ன்னு கேப்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க. இதுலயும் ஒரு பேஷன்ட் இருக்காரு.

2)
நான் குடியிருக்கிறது தேனி. வேலை கம்பம் பள்ளத்தாக்குக்குள்ள ஒரு அரசு மருத்துவமனையில. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்னு தினமும் இதே ரோடுதான். ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு பாயுற வயல், இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல், வாழைத் தோட்டம், தூரத்துல மேகமலை. பார்க்க அழகான ரோடு. ஆனா ஊருக்கு ஊர் வேகத்தடை.

வண்டி 9 வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் கார். இன்ஜின் நல்ல கண்டிஷன். குறைன்னு சொன்னா அந்த "கிர்ர்ர்" மட்டும்தான்.

3)
அதுக்கு நான் கொடுத்த முதல் வைத்தியம் என்ன தெரியுமா? ரேடியோ வால்யூமைக் கூட்டினேன்.

ஒரு வாரம் வேலை செஞ்சுது. அப்புறம் பாட்டுக்கு நடுவுலயும் "கிர்ர்ர்" கேக்க ஆரம்பிச்சுது. வால்யூமை இன்னும் கூட்டினேன். நைட் டூட்டி முடிச்சு காலையில வீட்டுக்கு வர்றப்ப, வீட்டம்மா வாசல்ல நின்னு கேட்டாங்க: "ஏங்க, தெருமுனையில திரும்பும்போதே உங்க பாட்டு கேக்குது. காது கீது அடைச்சுப்போச்சா?"

அந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

4)
சர்வீஸ் விட்ட இடத்துல காட்டினேன். ஒரு பையன் கூட உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தான். நம்ம நேரத்துக்கு அன்னிக்குச் சத்தமே வரல. "இத்தனை வருஷம் ஓடின வண்டி சார், எல்லா வண்டியிலயும் இப்படித்தான் இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா, ஓ.பி.யில கூட்டம் நெரியுற நேரத்துல முழங்கால் வலின்னு வர்ற பாட்டிகிட்ட நானும் இதையேதானே சொல்லியிருக்கேன்: "வயசானா அப்படித்தான்மா இருக்கும்."

காரணம் தேட நேரம் இல்லாதப்ப நாம சொல்ற பதில் அது.

5)
சரி, நாமளே பார்ப்போம்னு ஒரு ஞாயித்துக்கிழமை இறங்கினேன். மருத்துவத்துல முதல் பாடம், ஊசி போடுறதுக்கு முன்னாடி கதை கேக்கணும். எப்ப வலிக்குது, எங்க வலிக்குது, எப்படி வலிக்குது. வண்டிக்கும் அதே கேள்விதான்.

கார் சத்தங்கள் மூணு ஜாதி.

"கீச் கீச்"னா உரசல். ரெண்டு பரப்புகள் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டும்போது வர்ற சத்தம். கதவு பீடிங், லெதர் சீட், பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் உரசுற இடம்.

"கடகட"ன்னா மோதல். ஏதோ ஒண்ணு லூசா ஆடி இன்னொண்ணு மேல தட்டுது. க்ளிப் உடைஞ்சிருக்கலாம், ஸ்க்ரூ கழண்டிருக்கலாம்.

"கிர்ர்ர்", "ஸ்ஸ்ர்ர்"னா அதிர்வு. ஒரு மெல்லிசான தகடோ மூடியோ வேகமா நடுங்குது.

மூணுக்கும் மருந்து வேற வேற. உரசலுக்கு வழுக்கல் கொடுக்கணும். மோதலுக்கு இறுக்கணும், இல்லாட்டி நடுவுல மெத்தை வைக்கணும். அதிர்வுக்கு அந்தத் தகடைக் கொஞ்சம் கனமாக்கணும், இல்லாட்டி அணைச்சுப் பிடிக்கணும்.

6)
அடுத்து, எப்ப வருது?

ஒரு குறிப்பிட்ட இன்ஜின் வேகத்துல மட்டும் வந்து, அதைத் தாண்டினதும் மறைஞ்சா அது ஒத்ததிர்வு. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்குன்னு ஒரு அதிர்வெண் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினா எகிறுற மாதிரி, இன்ஜின் துடிப்பு அந்த எண்ணைத் தொடும்போது அது ஆட ஆரம்பிக்கும். 3 சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்ல சும்மா நிக்கும்போது வினாடிக்கு 20 துடிப்பு. அதே இன்ஜின் 2,000 ஆர்பிஎம்ல 50 துடிப்பு. சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஒரு சத்தம், ஓடும்போது இன்னொரு சத்தம் வர்றது இதனாலதான்.

ரோடு மோசமா இருந்தா மட்டும் வந்தா அது லூஸ் பாகம். ஒரு சக்கரம் மட்டும் வேகத்தடையில ஏறும்போது வந்தா, பாடி லேசா முறுக்கிக்கிறதால கதவு, கண்ணாடி ரப்பர் பக்கம் பாருங்க.

7)
காலையில ஒண்ணும் இல்ல, மதியம் மட்டும் சத்தம்னா? வெயில்.

நம்ம ஊர் வெயில்ல கண்ணாடி ஏத்திவிட்டு நிறுத்தின கார்ல டேஷ்போர்டு மேல்பக்கம் 60, 70 டிகிரியைத் தொடும். ஒரு மீட்டர் நீள இரும்பு 30 டிகிரி சூடேறினா கூடுறது மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான். டேஷ்போர்டு பிளாஸ்டிக் அதே சூட்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் நீளும். இரும்புச் சட்டத்து மேல பிளாஸ்டிக்கை க்ளிப் போட்டு மாட்டியிருக்கு. ஒண்ணு நீளுது, இன்னொண்ணு நீள மாட்டேங்குது. சண்டை வராம இருக்குமா?

பல வருஷம் இப்படி நீண்டு சுருங்கித்தான் க்ளிப் தளருது. அதனால பழைய வண்டிக்கு நிழல் ஒரு நல்ல மருந்து.

8)
தேடுறதுக்கு முன்னாடி வண்டியைக் காலி பண்ணுங்க. சத்தியமா சொல்றேன், பாதி நோய் இதுலயே போயிரும்.

என் வண்டிக்குள்ள இருந்து எடுத்தவை: டோல் சில்லறை 43 ரூபாய், மூடி இல்லாத 3 பேனா, பாப்பாவோட ஒரு கொலுசு மணி, ரெண்டு மூக்குக் கண்ணாடி டப்பா, காலாவதியான பாராசிட்டமால் அட்டை, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி.

டிக்கியில ஸ்டெப்னி நட்டு லூஸ். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உறையை விட்டு வெளிய வந்து ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பழைய துண்டுல சுத்தி இறுக்கினேன். பின்னாடி பார்சல் ட்ரே உட்கார்ற ரெண்டு இடத்துலயும் மெல்லிசா ஃபோம் டேப் ஒட்டினேன். டிக்கி கதவுல இருக்கிற ரப்பர் கட்டை தேய்ஞ்சிருந்தா அதைத் திருகி ஒரு சுத்து வெளிய எடுக்கலாம். பல வண்டியில அந்த வசதி உண்டு.

டயர்ல காத்தையும் பாருங்க. 32 இருக்க வேண்டிய டயர்ல 40 அடிச்சா ரோட்டுக் குழி பூராம் டேஷ்போர்டுக்குத்தான் வரும்.

9)
கதவு பீடிங் கீச்சுன்னா ஈரத்துணியில துடைச்சு, காஞ்ச பிறகு சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில தொட்டுத் தடவுங்க. தேங்கா எண்ணெய், கிரீஸ் வேண்டாம். தூசி ஒட்டும். பெட்ரோலிய கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிப்போய்க் கெட்டுரும்.

டோர் பேட் அதிருதான்னு பார்க்க ஒரு சுலபமான வழி. போன்ல ஃப்ரீக்வென்சி ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு, கார் ஸ்பீக்கர்ல 30 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. வண்டி நின்ன இடத்துலயே எந்தக் கதவு எந்த எண்ணுல நடுங்குதுன்னு காட்டிக்கொடுத்துரும். சத்தம் அளவா வைங்க.

10)
ஒரு எச்சரிக்கை. ஏர்பேக் இருக்கிற இடத்துல கை வைக்காதீங்க. ஸ்டீயரிங் நடுப்பகுதி, இடப்பக்க டேஷ்போர்டு மூடி, சில வண்டியில முன்கண்ணாடி ஓரத் தூண், சீட்டோட பக்கவாட்டு. அங்க டேப் ஒட்டுறது, ஃபோம் திணிக்கிறது, மஞ்சள் கலர் கனெக்டரைப் பிடுங்குறது எல்லாம் விபத்து நேரத்துல உயிருக்கே உலை வைக்கும். அந்த இடத்துச் சத்தம்னா தெரிஞ்ச மெக்கானிக்தான் பார்க்கணும்.

11)
இன்னொரு எச்சரிக்கை, இது ரொம்ப முக்கியம். எல்லாச் சத்தமும் டேப் ஒட்டி அடக்குற சத்தம் இல்ல.

பிரேக் மிதிக்கும்போது இரும்போட இரும்பு உரசுற சத்தம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது "டக் டக் டக்". வேகம் கூடக் கூட ஏறுற "ஊங்"கிற ரீங்காரம். குழியில இறங்கும்போது கீழ இருந்து "டொக்". டயர் மாத்தின மறுநாள் புதுசா வர்ற சத்தம்.

இதெல்லாம் பிரேக் பேட், ஆக்ஸில் ஜாயின்ட், வீல் பேரிங், சஸ்பென்ஷன், வீல் நட்டு சமாச்சாரம். போடி மெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. சின்னமனூர்ல இருந்து மேகமலைக்கு 18. இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு அங்க ஏறாதீங்க, முக்கியமா இறங்காதீங்க. முதல்ல பட்டறை, அப்புறம் மலை.

நெஞ்சு வலிக்கு ஜெலுசில் குடிச்சுட்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். அந்தத் தப்பை வண்டிக்கும் பண்ணாதீங்க.

12)
இத்தனையும் பண்ணேன். எட்டுச் சத்தம் இருந்த இடத்துல ஒண்ணுதான் பாக்கி. ஆனா அந்த ஒண்ணு, நான் தேடி வந்த அதே "கிர்ர்ர்".

இன்னொரு சோதனை என்னன்னா, மத்த சத்தம் போனதும் இது இன்னும் நல்லா கேட்டுச்சு. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைக்கும். அது விலகினா சின்னது வெளிய வரும். மின்சார கார் வாங்கினவங்க "உள்ள சத்தம் ஜாஸ்தி"ன்னு புலம்புறதுக்கும் இது ஒரு காரணம். இன்ஜின் சத்தம் போர்வை மாதிரி மூடி வச்சிருந்ததெல்லாம் இப்ப கேக்குது.

13)
எங்க இருந்து வருதுன்னுதான் பிடிபடல. ஒருநாள் இடது ஓரம், ஒருநாள் நடுவுல, ஒருநாள் மேல.

நம்ம ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற நேரத்துல இருக்கிற வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. காருக்குள்ள சுத்தியும் கண்ணாடி. சத்தம் அதுல பட்டுப் பட்டுத் திரும்பி வந்து காதைக் குழப்பும். இதயத்துல அடைப்பு இருக்கும்போது இடது கையிலயும் தாடையிலயும் வலிக்கிற மாதிரி. வலிக்கிற இடம் ஒண்ணு, நோய் இருக்கிற இடம் வேற.

அதனால ஓட்டுறவரே தேடக் கூடாது. கவனம் சிதறினா ஆபத்தும்கூட. ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் தேடணும்.

14)
அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா லாரி டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல கம்பத்துல இருந்து குமுளி மலை ஏறி கோட்டயம் வரைக்கும் காய்கறி லோடு, திரும்பும்போது கிடைக்கிற லோடு. பழைய லாரியில இன்ஜின் டிரைவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும். ஏசியாவது ஒண்ணாவது, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டணும். "ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்"னு சிரிப்பாரு. நான் டாக்டர் ஆனது அந்த லாரியிலதான்.

இப்ப எங்களோட தேனியிலதான் இருக்காரு. எழுபதைத் தாண்டிருச்சு. இருக்கிற இடம் தெரியாம அமைதியா இருப்பாரு.

"வாங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். ஒரு சத்தம் பிடிக்கணும்."

15)
வீரபாண்டி தாண்டி ரோடு கொஞ்சம் சொரசொரன்னு வர்ற இடம். "கிர்ர்ர்" ஆரம்பிச்சுது.

"கேக்குதாப்பா?"

"எது?"

"இந்தா... கிர்ருங்குதே."

"ஒண்ணும் கேக்கலையேப்பா."

லாரி ஓட்டினவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமான்னு கிண்டல் பண்றாரோன்னு நினைச்சேன். "நல்லா கேளுங்கப்பா"ன்னு சொன்னேன். அவரு பதில் சொல்லல. கையை நீட்டி, உள்ளங்கையை டேஷ்போர்டு மேல வச்சாரு. மெதுவா நகர்த்தினாரு. நாங்க பேஷன்ட் வயித்துல கை வச்சுப் பார்ப்போமே, அப்படி. நடுவுல இருந்து இடது பக்கம் போச்சு கை. அங்கிருந்து கீழ இறங்கி க்ளவ் பாக்ஸ். அதோட மேல்மூலையில நின்னுச்சு.

"அங்கிட்டு இல்லப்பா, இங்கிட்டு. உள்ளுக்குள்ள ஏதோ அதிருது"ன்னு சொல்லி அமுக்கினாரு.

சத்தம் நின்னுருச்சு. சுத்தமா நின்னுருச்சு.

"அப்பா! நின்னுருச்சுப்பா!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாரு: "எது நின்னுருச்சு?"

16)
வண்டியை ஓரங்கட்டினேன்.

க்ளவ் பாக்ஸைக் காலி பண்ணி ரெண்டு பக்கத்தையும் உள்ள அமுக்கினா அது கீழ இறங்கும், பல கார்ல இதான் அமைப்பு. அதுக்குப் பின்னாடி ஏசி ஃபில்டர் இருக்கிற பெட்டி. அந்தப் பெட்டியோட மூடியில ரெண்டு பக்கம் கொக்கி. ஒண்ணு மாட்டியிருந்துச்சு, இன்னொண்ணு உடைஞ்சு தொங்குச்சு. ஃபில்டர் மாத்தும்போது யாரோ அவசரத்துல அமுக்கியிருக்காங்க. ப்ளோயர் காத்துலயும் ரோடு அதிர்வுலயும் அந்த மூடி மாசக்கணக்கா நடுங்கிக்கிட்டு இருந்திருக்கு.

வைத்தியம்: மூடி ஓரத்துல மெல்லிசா ஒரு ஃபோம் டேப், உடைஞ்ச பக்கத்துல துணி டேப். செலவு நூறு ரூபாய்க்குள்ள. புது மூடி கிடைச்சா மாத்திக்கலாம். ஃபோம் தடிமனா வச்சா மூடி சரியா மூடாம தூசி உள்ள போகும், அதை மட்டும் பார்த்துக்கோங்க.

17)
திரும்பி வர்ற வழி பூராம் வண்டி அவ்வளவு அமைதி. ஆனா எனக்குள்ள அப்பா கேட்ட கேள்வி ஓடிக்கிட்டே இருந்துச்சு. "எது நின்னுருச்சு?"

அவரு கிண்டல் பண்ணல. அவருக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல. கையால கண்டுபிடிச்சாரு.

நம்ம உள்ளங்கைத் தோலுக்கு அடியில பசினியன் கார்பசல்னு நுண்ணிய உணர்விகள் உண்டு. வினாடிக்கு 250 வாக்குல வர்ற அதிர்வை ரொம்ப நுட்பமா உணரும். ஸ்டீயரிங், கியர் ராடு, இன்ஜின் மூடி மேல கை வச்சே முப்பது வருஷம் வண்டியோட பேசினவர். காது விட்டுக்கொடுத்த வேலையைக் கை எடுத்துக்கிச்சு.

18)
ராத்திரி படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா யோசிச்சேன்.

டிவி வால்யூம். எங்க வீட்டுல சண்டையே அதுதான். "ஏன்ப்பா இவ்வளவு சத்தம்"னு நானே எத்தனை தடவை ரிமோட்டை வாங்கிக் குறைச்சிருக்கேன்.

போன் வந்தா அம்மாகிட்ட கொடுத்துருவாரு.

அம்மா "பால் வாங்கணும்"னு சொன்னா, "கால்ல என்ன?"ன்னு கேப்பாரு. நாங்க எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பாரு.

கல்யாண வீட்டுக்கு வர்றது நின்னுபோச்சு. டீக்கடைக்குப் போறது குறைஞ்சுபோச்சு. பேத்தி ஓடி வந்து ஏதாவது சொன்னா தலையை மட்டும் ஆட்டுவாரு.

"அப்பா இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாரு, வயசாச்சுல்ல"ன்னு நான் சொன்னேன். எம்பிபிஎஸ் படிச்ச நான்.

அந்த சர்வீஸ் பையன் என்கிட்ட சொன்ன அதே வாக்கியம்.

19)
மறுவாரம் இஎன்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்த்தாங்க, இல்ல. ஆடியோகிராம் எடுத்தாங்க. தாழ்ந்த ஒலி ஓரளவு நல்லா கேக்குது. ஒலி உயர உயரக் கோடு இறங்குது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் ரொம்ப நாள் பெருஞ்சத்தத்துல வேலை செஞ்சவங்க காதோட கையெழுத்து. அது மேல வயசும் சேர்ந்திருக்கு.

நம்ம ஒவ்வொரு உள்காதுலயும் சுமார் 15,000 முடிச் செல்கள் இருக்கு. சத்தத்தை நரம்புக்கு மாத்திக் கொடுக்கிறது அதுதான். செத்தா மறுபடி முளைக்காது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னா 85 டெசிபல் வரைக்கும்தான் பாதுகாப்புன்னு சொல்றாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்குற நேரம் பாதியாகும். 88ன்னா 4 மணி நேரம், 91ன்னா 2 மணி நேரம்.

லாரி, டிராக்டர், நெல் அறுக்கிற மெஷின், மர அறுவை, பட்டறை, மேளம், ஸ்பீக்கர் செட். நம்ம மாவட்டத்துல எத்தனை பேர் இந்த வேலையில இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.

20)
"கேக்குது, ஆனா புரியல"ன்னு பெரியவங்க சொல்றதுக்கும் இதுதான் காரணம்.

பேச்சுல ஆ, ஓ, ஊ மாதிரி உயிர் ஒலிகள் தாழ்ந்த ஒலி, சத்தமாவும் இருக்கும். க, ச, த, ப மாதிரி மெய் ஒலிகள் உயர்ந்த ஒலி, மெல்லிசா இருக்கும். மேல் ஒலி போயிட்டா "ஆல்" மட்டும் கேக்கும். அது பாலா, காலா, தாளான்னு மூளை ஊகிக்கணும். நாள் பூரா ஊகிச்சு ஊகிச்சுக் களைச்சுப்போய், ஒரு கட்டத்துல பேச்சுக்கே வராம ஒதுங்கிருவாங்க. நாம அதுக்கு "அமைதி"ன்னு பேர் வச்சிருவோம்.

இதைச் சாதாரணமா விடக் கூடாது. டிமென்ஷியான்னு சொல்ற மறதி நோய்க்கு, நம்மால மாத்தக்கூடிய காரணங்கள்னு லான்செட் ஆணையம் 2024ல போட்ட பட்டியல்ல காது கேளாமையும் ஒண்ணு. அதுவும் முன்வரிசையில.

21)
அப்பாவுக்குக் காதொலிக் கருவி வச்சோம். லேசுல ஒத்துக்கல. "ஊரு சிரிக்கும்"னு சொன்னாரு. "கண்ணாடி போட்டா யாராவது சிரிக்கிறாங்களாப்பா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல.

முதல் ரெண்டு வாரம் கஷ்டம். தட்டு வைக்கிற சத்தம், குக்கர் விசில், மிக்ஸி எல்லாம் தலைக்குள்ள இடிக்குதுன்னு கழட்டி வச்சிட்டாரு. மூளை பல வருஷமா மறந்த சத்தங்களை மறுபடி பழகணும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டணும். இந்தப் பழகுற காலத்துலதான் நிறைய பேர் கருவியை மேசை டிராயர்ல போட்டுர்றாங்க. கூட இருக்கிறவங்க பொறுமையா இருக்கணும். முகத்தைப் பார்த்து, நிதானமாப் பேசணும். கத்தக் கூடாது.

22)
நீங்க கவனிக்க வேண்டியது:

டிவி சத்தம் கூடிக்கிட்டே போறது. போனைத் தவிர்க்கிறது. சம்பந்தம் இல்லாத பதில். கூட்டத்துல பேச்சு புரியாம போறது. காதுல எப்பவும் "ஙொய்ய்ய்"னு ஒரு இரைச்சல், அது ராத்திரி அமைதியில கூடுறது.

இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா இஎன்டி டாக்டரைப் பார்த்து ஆடியோகிராம் எடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இந்த வசதி இருக்கு. தகுதி உள்ளவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமா கருவி கிடைக்கவும் வழி இருக்கு, விசாரிங்க.

திடீர்னு ஒரு காது கேக்காம போனா அது அவசரம். சளி, தண்ணி போயிருச்சுன்னு வீட்டுல எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்காதீங்க. அன்னிக்கே போகணும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

23)
போன மாசம் குடும்பத்தோட லோயர் கேம்ப் வரைக்கும் போனோம். அப்பா முன் சீட்டுல. கருவி காதுல. கூடலூர் தாண்டி மலை கிட்ட வர்ற நேரம்.

"தம்பி, பின்னாடி இருந்து கிச்சு கிச்சுனு ஒரு சத்தம் வருதே?"

"இல்லையேப்பா."

"வருதுப்பா. உனக்குக் கேக்கலையா?"

எனக்கு உண்மையிலேயே கேக்கல. அப்பதான் கவனிச்சேன், நான் ரேடியோவை வச்சிருந்தேன். நிறுத்தினேன். ஆமா, கிச்சு கிச்சு. பின் சீட்டுல யாரும் போடாம விட்ட பெல்ட்டோட கொக்கி, பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்ல தட்டிக்கிட்டு இருந்துச்சு.

பாப்பா பெல்ட்டை எடுத்து மாட்டினா. சத்தம் நின்னுச்சு.

"நின்னுருச்சு"ன்னாரு அப்பா.

24)
கார்ல ஒரு சத்தம் கேட்டா ரேடியோவைக் கூட்டாதீங்க, நிறுத்துங்க. எங்கிருந்து வருதுன்னு தேடுங்க. டேப் ஒட்டுற சத்தமா, பட்டறைக்குப் போற சத்தமான்னு பிரிங்க.

வீட்டுல ஒருத்தருக்குச் சத்தம் கேக்கலைன்னா "வயசானா அப்படித்தான்"னு மூடி வைக்காதீங்க. அது நோய்க்குப் பேர் இல்ல, நம்ம சோம்பேறித்தனத்துக்குப் பேர்.

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு டிவி வால்யூம் எத்தனையில இருக்குன்னு பாருங்க. ரிமோட்டைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, அதைக் கையில வச்சிருக்கிறவரை ஒரு நிமிஷம் பாருங்க.